எலிக்காய்ச்சலும் நம் தெரு நாய்களும்



நாயைப் பற்றிய அச்சம் என்றால் நம் நினைவுக்கு வருவது வெறிநோய். நாய் கடித்தால் உடனே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் கடிக்காத நாயிடமிருந்தும், நாயே இல்லாத ஈரத் தரையிலிருந்தும் மனிதரைப் பற்றக்கூடிய வேறொரு நோய் உண்டு. மருத்துவர்கள் அதனை லெப்டோஸ்பைரோசிஸ் என்பர். நம் மக்கள் அதற்கு எலிக்காய்ச்சல் என்று பெயரிட்டிருக்கின்றனர். பெயரில் எலி இருப்பதனால் நாயை மறந்துவிடுகிறோம். நாயைக் கண்டு அஞ்சும்போது எலியை மறந்துவிடுகிறோம். இரண்டையும் இணைத்துவைக்கும் தண்ணீரையோ எப்போதுமே மறந்துவிடுகிறோம். அந்தத் தண்ணீரைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இந்நோயைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதியெல்லாம், இதனை அறியாமையால் நான் செய்த ஒரு பிழைதான். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீடு அம்பத்தூரில், ஏரியை அடுத்த தாழ்வான பகுதியில் இருக்கிறது. எங்கள் தெரு முடியுமிடத்தில் சிறு வீடுகள் வரிசையாக உள்ளன. தொழிற்பேட்டையில் கூலி வேலை செய்வோரும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும், துப்புரவுப் பணியாளர்களும் அங்கே குடியிருக்கின்றனர். அந்த வரிசையில் மணி என்று ஒரு நாய் இருந்தது. யாருடைய நாய் என்று கேட்டால் ஒருவரும் தம்முடையது என்று சொல்லமாட்டார். ஆயினும் எல்லா வீட்டிலும் அதற்குச் சோறு உண்டு.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் பெருமழை பெய்தது. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பகுதிகளில் பல தெருக்களில் வெள்ளம் புகுந்தது. எங்கள் தெருவில் வெள்ளம் வடிந்த பின்னரும் பள்ளங்களில் நீர் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. பத்து நாட்கள் சென்றபின் மணி சோறு தின்பதை நிறுத்தியது. வாந்தி எடுத்தது. பின்கால்களை ஊன்றி நிற்க மாட்டாமல் படுத்துவிட்டது. அதன் ஈறும் கண்ணின் வெண்பகுதியும் மஞ்சள் நிறம் கொண்டன. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன் அதனருகே அமர்ந்து, பால் ஊட்டி, அது நனைத்த சாக்கைத் தன் கையாலேயே அலசி மாற்றிக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் நாய் இறந்தது.

அடுத்த வாரம் அச்சிறுவனுக்குக் காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் தசை வலிக்கிறது என்று அழுதான். கண்கள் சிவந்திருந்தன, பிறகு மஞ்சளாயின. அவன் தாய் என்னிடம் வந்து, “ஐயா, காமாலை மாதிரி இருக்கிறதே, என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். நான் சிறிதும் தயங்கவில்லை. “கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுங்கள் அம்மா. எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். பத்தியமாக இருந்தால் ஒரு வாரத்தில் இறங்கிவிடும்” என்றேன். இளமையில் எனக்குக் காமாலை வந்தபோது என் தாயார் செய்த மருத்துவம் அதுவே. படித்தவர் சொல்கிறாரே என்று அந்த அம்மாள் அப்படியே செய்தார். மூன்றாம் நாள் இரவில், பையனுக்குச் சிறுநீரே பிரியவில்லை என்று ஓடிவந்தார்.

அரசு மருத்துவமனைக்கு அவனைக் கொண்டுசென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார். “வெள்ளத் தண்ணீரில் நடந்தானா? வீட்டில் எலி நடமாட்டம் உண்டா? நாயோடு பழகுவானா?” காமாலைக்கும் நாய்க்கும் என்ன தொடர்பு என்று நான் திகைத்தேன். பையனின் சிறுநீரகங்கள் வேலை செய்வதை ஏறத்தாழ நிறுத்திவிட்டிருந்தன. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் பொறியின் துணைகொண்டு சில நாட்கள் அவனைக் காத்தனர். மூன்று வாரங்களுக்குப் பின் அவன் வீடு திரும்பினான். அவன் பிழைத்தது மருத்துவர்களின் திறமையால். அவன் அந்த அளவுக்குத் துன்புற்றதில், நான் வீணாக்கிய மூன்று நாட்களுக்கும் பங்குண்டு. அதன்பிறகே இந்நோயைப் பற்றி நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கால்நடை மருத்துவர்களையும் கண்டு கேட்டேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே கூறுகிறேன்.

இந்நோயைத் தருவது லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிர். மெல்லிய சுருள் என்பது அப்பெயரின் பொருள். அது திருகாணிபோல் முறுக்கிக்கொண்ட ஒரு நூலிழை. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 100இல் ஒரு பங்கு. பருமனோ 10,000இல் ஒரு பங்கு. அது மிக மெல்லியதாகையால் சாதாரண நுண்ணோக்கியில் புலப்படாது. ஓட்டு வீட்டின் இருண்ட அறைக்குள், கூரை இடுக்கு வழியாக ஒரு வெயிற்கதிர் விழும்போது, அதுவரை கண்ணுக்குத் தெரியாத தூசுகள் மின்னுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப்போலவே பின்னணியை இருட்டாக்கி, பக்கவாட்டில் ஒளியைச் செலுத்திப் பார்த்தால் இந்த இழை ஒளிர்ந்து நெளிவது தெரியும். அதன் முனை கொக்கிபோல் வளைந்திருக்கும். 1907இல் ஸ்டிம்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், மஞ்சட்காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத்தில் இவ்வுயிரைக் கண்டார். அதன் வடிவம் கேள்விக்குறியை ஒத்திருந்ததால், ‘கேட்பது’ என்று பொருள்படும் ‘இன்டெரோகன்ஸ்’ என்ற பெயரை அதற்குச் சூட்டினார்.

காய்ச்சலும் காமாலையும் சிறுநீரகக் கேடும் ஒருங்கே வரும் ஒரு நோயை 1886இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் அடால்ப் வைல் என்பவர் விரித்துரைத்திருந்தார். அதற்குக் காரணமான உயிரை 1915இல் ஜப்பானில் இனடா, இடோ என்னும் இரு மருத்துவர்கள் கண்டறிந்தனர். நீர் கசியும் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த தொழிலாளர்களே அங்கே இந்நோய்க்கு ஆளாயினர். எலிகள் இக்கிருமியைச் சுமந்து திரிவதையும் அதே ஆய்வாளர்கள் விரைவில் வெளிப்படுத்தினர். ஏறத்தாழ அதே காலத்தில், முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் சேற்றில் நின்ற படைவீரர்களிடமும் ஜெர்மானிய மருத்துவர்கள் இதனைக் கண்டனர். நாய்க்குரிய வகையை 1933இல் ஹாலந்து நாட்டில் கிளாரன்பீக், ஷூஃப்னர் என்போர் பிரித்தெடுத்தனர். அதற்குக் ‘கேனிகோலா’ என்று பெயர். சுரங்கத் தொழிலாளி, படைவீரன், நாய் ஆகிய மூவருக்கும் பொதுவாக இருந்தது ஈரத்தில் வாழும் வாழ்வு என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் அந்தமான் தீவுகளில் இந்நோய் இருப்பதை டெய்லர், கோயல் என்னும் இரு ஆய்வாளர்கள் 1931இல் எடுத்துக்காட்டினர். சென்னைக்கும் இது புதிய விருந்தாளி அன்று. மாநகரத் துப்புரவுப் பணியாளர்களின் இரத்தத்தைச் சோதித்து, அவர்களுள் பலரை இக்கிருமி தீண்டிச் சென்றிருப்பதைக் காட்டும் ஆய்வு 1993இல் வெளியாயிற்று. 1999இல் ஒடிசாப் புயலுக்குப் பின்னும், 2005இல் மும்பை வெள்ளத்துக்குப் பின்னும், 2018இல் கேரள வெள்ளத்துக்குப் பின்னும் இந்நோய் பெருகியது. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இதற்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 59,000 பேர் இறக்கின்றனர் என்றும் 2015இல் வெளிவந்த கணக்கீடு கூறுகிறது.

இனி, இந்நோய் பரவும் வழியைக் காண்போம். எலிக்கும் பெருச்சாளிக்கும் இக்கிருமியால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. அது அவற்றின் சிறுநீரகக் குழல்களில் குடியேறி, நாள்தோறும் சிறுநீரோடு வெளியேறுகிறது. வெயில் காயும் உலர்ந்த தரையில் விழுந்தால் விரைவில் மடிந்துவிடுகிறது. ஈர மண்ணிலோ, தேங்கிய நீரிலோ விழுந்தால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடிருக்கிறது. அந்நீரில் மனிதனோ விலங்கோ கால் வைக்கும்போது, ஒரு சிறு சிராய்ப்பு, ஒரு பித்தவெடிப்பு, நீரில் ஊறித் தளர்ந்த தோல் ஆகியவற்றின் வழியே உள்ளே நுழைகிறது. கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்தோலும் அதற்கு வாயிலாகும்.

நாய் எவ்வாறு இதில் அகப்படுகிறது? அது வெறுங்காலோடு சாக்கடையில் நடக்கிறது. தேங்கிய நீரைக் குடிக்கிறது. எலியைப் பிடித்துத் தின்கிறது. மற்ற நாய்கள் சிறுநீர் கழித்த இடத்தை முகர்கிறது. நோய் கடுமையாகத் தாக்கினால் மணிக்கு நேர்ந்ததுபோல் காய்ச்சல், வாந்தி, தசைவலி, காமாலை, சிறுநீரகக் கேடு என்று முற்றுகிறது. நாய் வழக்கத்தைவிட அதிகமாக நீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழிப்பதும், பின்னர் சிறுநீரே அற்றுப்போவதும் உண்டு. ஆனால் பல நாய்களுக்கு வெளியே ஓர் அறிகுறியும் தோன்றுவதில்லை. அவை ஓடி விளையாடும். வாலாட்டி நம்மை வரவேற்கும். அதே வேளையில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கிருமியைச் சிறுநீரில் கழித்துக்கொண்டிருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் நாயின் இரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரை உயிருள்ள கிருமிகளோடு கலந்து பார்ப்பர். எதிர்ப்பொருள் இருக்குமாயின் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அவ்வாறு திரண்டால் அந்த நாயை இக்கிருமி என்றோ ஒருநாள் தீண்டியிருக்கிறது, அல்லது அதற்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது என்பது பொருள். அது இன்று நோயுற்றிருக்கிறது என்பதற்கு அதுமட்டுமே சான்றாகாது. எனினும் ஒரு பகுதியில் தடுப்பூசி காணாத தெருநாய்கள் பலவற்றின் இரத்தம் இவ்வாறு திரளுமாயின், அப்பகுதியின் மண்ணும் நீரும் எந்நிலையில் உள்ளன என்பதை அது சொல்லிவிடும். நாய் மிதித்த நீரையே நம் குழந்தைகளும் மிதிக்கின்றனர்.

நம் மேற்குப் புறநகர்ப் பகுதியை எண்ணிப் பாருங்கள். இது ஏரிகளின் நாடு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். ஆவடிக்கருகே பருத்திப்பட்டு ஏரி. பூவிருந்தவல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். இடையே கூவம் ஆறு. முன்னோர் நீரைத் தேக்கவும், மிஞ்சியதை அடுத்த ஊருக்கு அனுப்பவும் வழி செய்திருந்தனர். 1960களில் ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. வேலை தேடி வந்தோர் வாடகை குறைந்த இடத்தையே நாடினர். வாடகை குறைந்த இடம் பெரும்பாலும் தாழ்ந்த இடமாக இருந்தது. நீர் ஓடிய கால்வாயின் மேல் வீடு வந்தது. ஓட இடமின்றி நீர் வீட்டிற்குள் வந்தது. அந்நீரோடு எலி வளையிலிருந்த கழிவும், மாட்டுத் தொழுவத்துக் கழிவும், சாக்கடையும் கலந்துவிடுகின்றன. மாடுகளையும் இக்கிருமி பற்றும் என்பதை மறத்தலாகாது. ஏழை மக்கள் துப்புரவை விரும்பாதவர் என்று சிலர் கருதுவர். ஒரு குழாயடியை நாற்பது வீடுகள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், தம் வாசலை நாள்தோறும் கூட்டித் தெளிக்கும் பெண்களை நான் பார்த்துவருகிறேன். அவர்கள் வாசலுக்கு வெளியே வடிகால் இல்லை என்பதே குறை.

பையன் மருத்துவமனையில் இருந்தபோதே எங்கள் தெருவில் ஒரு கூட்டம் சேர்ந்தது. நாய்களையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று சிலர் கொதித்தனர். சோற்றில் நஞ்சு வைப்பது பற்றியும் பேச்சு எழுந்தது. பிள்ளையைப் பெற்றவர்களின் அச்சத்தை நான் குறைகூறமாட்டேன். சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்துச் சென்று, தெருமுனைச் சுவரில் நான்கு படங்கள் வரைந்தேன். குப்பை, எலி, தேங்கிய நீர், இவற்றின் நடுவே ஒரு நாயும் ஒரு பிள்ளையும். பிறகு நாயை மட்டும் அழித்துவிட்டு, “இப்போது பிள்ளைக்கு ஆபத்து நீங்கிவிட்டதா?” என்று கேட்டேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர், “அப்படியானால் நாய்மேல் குற்றமே இல்லை என்கிறீர்களா ஐயா?” என்றார்.

நல்ல கேள்வி அது. நாயால் தீங்கே இல்லை என்று சொல்வது பொய்யாகும். நோயுற்ற நாயின் சிறுநீர் மனிதருக்கு நோயைத் தரும். அந்தச் சிறுவனுக்கு நோய் வந்தது மணி படுத்திருந்த சாக்கிலிருந்தா, அவன் நடந்த பள்ளத்து நீரிலிருந்தா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. ஆனால் மணிக்கு அந்நோய் நம் தெருவிலிருந்துதான் வந்தது. தெருநாய்களைக் கொல்வதும் சென்னை அறியாத வழியன்று. பல்லாண்டுகள் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய்களின் கூட்டம் அதனால் குறைந்துவிடவில்லை. கொட்டிய சோறு இருக்கும்வரை, ஒரு நாய் போனால் அவ்விடத்துக்கு வேறொரு நாய் வருகிறது. 1959இல் தொடங்கப்பெற்ற நீலச் சிலுவைச் சங்கத்தார் கருத்தடை முறையை நெடுங்காலம் வலியுறுத்தி வந்தனர். 1996இல் மாநகராட்சியும் அம்முறைக்கு மாறியது. அறுவையின்போது நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியும் போடுகின்றனர். அந்த ஊசி எலிக்காய்ச்சலைத் தடுக்காது. காதில் அடையாளம் உள்ள நாயைக் கண்டு, இதற்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று எண்ணிவிடலாகாது.

சரி, நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்காதிருத்தல். இறங்கியே தீரவேண்டுமெனில் புண்களை மூடிக்கட்டி, முழங்கால்வரை உள்ள ரப்பர் காலணி அணிய வேண்டும். வீடு திரும்பியதும் நல்ல நீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும். துப்புரவுப் பணியாளருக்குக் காலணியும் கையுறையும் கொடுப்பது வேலை வாங்குவோரின் கடமை. மழைக்காலத்தில் அவை அவர்களின் உயிரைக் காக்கும் கவசங்கள்.

இரண்டாவது, எலிக்கு உணவு வையாதிருத்தல். மீந்த சோற்றைத் தெருவில் கொட்டாமல் மூடியுள்ள தொட்டியில் போட வேண்டும். அரிசியையும் குடிநீரையும் மூடிவைக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

மூன்றாவது, வளர்ப்பு நாய்க்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடுதல். குட்டிப் பருவத்தில் சில வார இடைவெளியில் இரு முறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் போட வேண்டும். வெறிநோய் ஊசி வேறு, இது வேறு என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பெற்றது. அதன் மருத்துவமனையில் செல்வர் வளர்க்கும் நாயும் குடிசையில் வளரும் நாயும் ஒருசேர மருத்துவம் பெறுகின்றன.

நான்காவது, நாய் நோயுற்றால் சிறுவர்களை அதற்குப் பணிவிடை செய்ய விடாதிருத்தல். பெரியவர்கள் கையுறை அணிந்து, அதுவும் இல்லையெனில் பிளாஸ்டிக் பையையேனும் கையில் மாட்டிக்கொண்டு, துப்புரவு செய்யலாம். சிறுநீர் பட்ட தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, நன்கு உலரவிட வேண்டும். தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சென்றால் நாயையும் காப்பாற்றலாம்.

ஐந்தாவது, என் பிழையிலிருந்து நான் கற்றது. மழைக்குப் பின் ஒரு மாத காலத்திற்குள் கடுங்காய்ச்சலும், தலைவலியும், கெண்டைக்கால் வலியும், கண்சிவப்பும் கண்டால், காமாலை தோன்றும்வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும், “தண்ணீரில் நடந்தேன், வீட்டில் எலி உண்டு, நாய் உண்டு” என்று நீங்களே சொல்லுங்கள். பெனிசிலின், டாக்சிசைக்கிளின் போன்ற மருந்துகள் தொடக்க நாட்களில் நன்கு பயன்படும். அவற்றைக் கொடுக்க வேண்டியவர் மருத்துவரே. கடையில் நாமே கேட்டு வாங்கி உண்ணலாகாது. வெறிநோய் முற்றியபின் மருந்தில்லை, எலிக்காய்ச்சலுக்கு மருந்துண்டு. மருந்துள்ள நோய்க்கு ஓர் உயிரைப் பறிகொடுப்பது பெரும் அவலம்.

எங்கள் தெருவில் நஞ்சு வைக்கும் பேச்சு அடங்கியது. இளைஞர்கள் கட்டடக் கழிவு கொண்டு பள்ளங்களை நிரப்பினர். வடிகால் வேண்டி எல்லாரும் கையொப்பமிட்டு விண்ணப்பம் எழுதினோம். அடுத்த மழைக்குள் பாதித் தெருவுக்கு வடிகால் வந்தது. மறுபாதிக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சிறுவன் இப்போது ஒரு குட்டி வளர்க்கிறான். தாயும் மகனும் அதனை மார்போடு அணைத்துக்கொண்டு வேப்பேரிக்குச் சென்று ஊசி போட்டு வந்தனர். திரும்பியவன் என்னிடம், “ஐயா, இனிமேல் இது தண்ணீரில் விளையாடலாம் அல்லவா?” என்று கேட்டான். “வேண்டாம். அந்தக் கிருமியில் பல வகை உண்டு. ஊசி சிலவற்றையே தடுக்கும். நீயும் விளையாடாதே, அதையும் விளையாட விடாதே” என்றேன். அவன் கேட்டுக்கொண்டான். முன்பு நான் கூறிய தவறான வார்த்தையை நம்பியவர்கள், இப்போது கூறும் சரியான வார்த்தையையும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை எண்ணும்போது, ஒன்றைச் சொல்லுமுன் அறிந்து சொல்ல வேண்டும் என்ற கவலை எனக்கு மிகுகிறது.

நேயர்களே, உங்கள் தெருவில் ஒரு நாய் சோறு தின்னாமல் சுருண்டு படுத்திருந்தால், அதனை விரட்டிவிட்டு அப்பால் செல்லாதீர்கள். அது எந்தத் தண்ணீரில் நடந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பிறகு அந்தத் தண்ணீரை வெளியேற்ற வழி தேடுங்கள்.